சுருட்டை வால் யார் ஜாடை?

மானாம்பதியில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால் போதும், தெருவே திரண்டு வந்து அதைப் பங்கு போட்டுவிடும்.

சுகிர்தாவின் தம்பி ஆல்வினுக்கும் அதுதான் நடந்தது. அவன் பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பார்க்க வந்தவர்கள் அவன் மூக்கை அப்பா பெஞ்சமினுக்குக் கொடுத்தார்கள். நெற்றியை அம்மா செவ்வந்திக்குக் கொடுத்தார்கள். காது இரண்டும் வாலாஜாபாத் அத்தைக்குப் போய்விட்டன. எல்லாவற்றையும் கொடுத்து முடித்த பிறகு ஆல்வினுக்கென்று சொந்தமாக மிஞ்சியது அழுகை மட்டும்தான். அதை அவன் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டான்.

தீபாவளி முடிந்த மறுவாரம் சுலோச்சனா பெரியம்மா வந்தார். ஏரி மதகை ஒட்டி அவர் குடும்பத்துக்கு நிலம் இருக்கிறது. சுகிர்தாவின் அம்மா அந்த நிலத்தில்தான் நடவுக்கும் களையெடுக்கவும் போவார். சுலோச்சனா குழந்தையின் முகவாயை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா செவ்வந்தி இது, மோவாயில குழி? யார் ஜாடை இது? உனக்கும் இல்ல, பெஞ்சமினுக்கும் இல்ல."

"எங்க நைனா ஜாடைக்கா," என்றார் அம்மா, தன் அப்பாவை நினைத்துக்கொண்டு. "அவருக்கு இதே எடத்துல இப்படியே குழி இருந்துச்சி."

"உனக்கு வராம இவனுக்கு மட்டும் எப்படி வந்துச்சி?"

"எங்கிட்ட ஒளிஞ்சிக்கினு இருந்துட்டு இவங்கிட்ட வெளிய வந்துட்டுச்சி போலக்கீது!"

இருவரும் சிரித்தார்கள். ஐந்தாம் வகுப்பு படிக்கிற சுகிர்தா உடனே கண்ணாடி முன்னால் போய் நின்றாள். அவள் முகவாயிலும் குழி இல்லை. ஒளிந்துகொண்டிருக்கிறதோ என்னவோ என்று இரண்டு விரல்களால் அழுத்திக்கூடப் பார்த்தாள்.

சுலோச்சனா குழந்தையைப் பார்க்க மட்டும் வரவில்லை. அவர் கொண்டு வந்திருந்த கூடையில் எட்டு வாத்து முட்டைகள் இருந்தன.

வாத்துகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் வீட்டு வாத்துகளுக்கு முட்டை போடத் தெரியும். அதன் மேல் உட்கார மட்டும் பொறுமை கிடையாது. போட்ட இடத்திலேயே முட்டையை மறந்துவிட்டு மீன் பிடிக்கப் போய்விடும். அதனால் அடைக்கு உட்கார்ந்திருக்கிற கோழியைத் தேடிப் பிடித்து, அதன் அடியில் வாத்து முட்டையை வைப்பார்கள். சுகிர்தா வீட்டுச் செவலைக்கோழி அப்போது அடைக்கு உட்கார்ந்திருந்தது. கோழி ஒரு வீட்டுடையது, முட்டை இன்னொரு வீட்டுடையது. குஞ்சுகள் வளர்ந்ததும் ஆளுக்குப் பாதி. அதுதான் வழக்கம்.

சுலோச்சனா அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, எட்டு முட்டைகளிலும் பெருக்கல் குறி போட்டார்.

"எதுக்குப் பெரிம்மா குறி?" என்று கேட்டாள் சுகிர்தா.

"முட்டைக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது பாரு. நாளைக்கு யாரும் யாரையும் ஒண்ணும் சொல்லக்கூடாது இல்ல?"

அம்மா மணலும் வைக்கோலும் போட்ட கூடையில் முட்டைகளை அடுக்கினார். இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடும் என்று, துருப்பிடித்த நட்டு ஒன்றையும் அந்தக் கரித்துண்டையும் கூடைக்குள் போட்டார். செவலை வந்து, எண்ணிப் பார்ப்பதுபோல ஒருமுறை சுற்றிவிட்டு, சிறகை விரித்து உட்கார்ந்தது.

கோழி சும்மா உட்கார்ந்திருக்காது. நாளைக்குப் பல தடவை முட்டையைக் காலால் உருட்டிவிடும். உருட்ட உருட்ட, கரி அழிய ஆரம்பித்தது. பத்தாவது நாள் சுகிர்தா எட்டிப் பார்த்தபோது குறிகள் போன இடம் தெரியவில்லை.

'ஐயையோ! பெரியம்மா வந்து கேட்டால்?'

அவளுக்கு உடனே ஒரு யோசனை தோன்றியது. பள்ளிக்கூடப் பையிலிருந்து வயலட் நிற ஸ்கெட்ச் பேனாவை எடுத்தாள். செவலையிடம் நாலு கொத்து வாங்கிக்கொண்டு, எட்டு முட்டைகளிலும் அழகாகப் பெருக்கல் குறி போட்டாள். அம்மா ஆல்வினைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்ல மறந்தே போனாள்.

இருபத்தெட்டாம் நாள் ஏழு குஞ்சுகள் வெளியே வந்தன. எட்டாவது ஒரு நாள் கழித்து, ஆற அமர ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தது. சுகிர்தா அதற்கு 'லேட்டு' என்று பெயர் வைத்தாள்.

சுலோச்சனா வந்து ஓடுகளைப் பார்த்தார். "வயலட்டுல யார் குறி போட்டது?"

"நாந்தான் பெரிம்மா. கரி அழிஞ்சிப்போச்சி."

"கெட்டிக்காரிதான்," என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அதன் பிறகு பேஜார் எல்லாம் செவலைக்குத்தான். பிள்ளைகள் எட்டும் வாய்க்காலைப் பார்த்ததும் தொப்புத் தொப்பென்று தண்ணீரில் குதித்தன. செவலை கரையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஊரையே கூட்டியது. ஒரு வாரம் கத்திப் பார்த்தது. பிறகு, எப்படியோ போங்கள் என்று கரையில் உட்கார்ந்து புழு கிளற ஆரம்பித்துவிட்டது.

எட்டும் வளர்ந்தன. ஏழு ஒரு மாதிரி இருந்தன. லேட்டு வேறு மாதிரி இருந்தது. மற்றவற்றின் அலகு மஞ்சளாக இருக்க, லேட்டின் அலகு கறுத்துக்கொண்டே போய், நுனியில் மட்டும் மஞ்சள் பொட்டு வைத்ததுபோல் நின்றது. உடம்பெல்லாம் செதில் செதிலாகப் பழுப்பு. மற்றவை நடந்தே போகிற இடத்துக்கு லேட்டு சிறகை அடித்துப் பார்த்துவிட்டுப் போகும். சுகிர்தா பள்ளியிலிருந்து வரும் நேரம் அதற்குத் தெரியும். தெருமுனைக்கே வந்து அவள் பாவாடை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். ஆல்வினுக்கு லேட்டு என்றால் உயிர். அதைப் பார்த்தால் போதும், அழுகையைப் பாதியில் நிறுத்திவிடுவான்.

மாசி மாதம் வந்தது. அறுப்பு முடிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை லேட்டு பறந்தது.

தத்தித் தாவியது இல்லை, உண்மையாகவே பறந்தது! வேப்பமரத்துக்கு மேலே ஒரு வட்டம் அடித்து, இரண்டு தெரு தள்ளி, சுலோச்சனா வீட்டு மாடியில் இருந்த டிஷ்ஷின் மேல் போய் உட்கார்ந்தது. வீட்டுக்குள் டிவி நின்றுபோனது. சுலோச்சனா மாடிக்கு ஏறி வந்தார். லேட்டு அவரை ஒரு கண்ணால் பார்த்தது. அவர் இரண்டு கண்ணாலும் லேட்டைப் பார்த்தார்.

அரை மணி நேரத்தில் அவர் சுகிர்தா வீட்டு வாசலில் நின்றார். லேட்டு அவர் கக்கத்தில் இருந்தது.

"செவ்வந்தி! இது எங்க வாத்தே இல்ல. இது ஏரி வாத்து. மூக்கப் பாரு, றெக்கையப் பாரு. வூட்டு வாத்து எங்கனா மாடி ஏறிப் பறக்குமா?"

அம்மா திகைத்துப் போனார். "நீங்க குடுத்த முட்டைதாங்க்கா..."

"நான் குடுத்ததுல ஒண்ணு ஒடஞ்சிருந்தா ஒடஞ்சிதுன்னு சொல்லியிருக்கலாம். நான் இன்னா அடிக்கவா போறேன்? ஏரியிலேருந்து முட்டை எடுத்தாந்து வெச்சி எட்டுன்னு கணக்குக் காட்டணுமா? என் கரிக்குறி போய் கலர்க்குறி வந்தப்பவே நான் யோசிச்சிருக்கணும்."

தெருவில் நாலு வாசல்களில் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள்.

"நான் முட்டைய மாத்தலக்கா," என்றார் அம்மா. குரல் எழும்பவே இல்லை.

"ஞாயித்துக்கெழமை வந்து என் பங்கப் பிரிச்சிக்கறேன். அதுக்கப்பறம் இந்த அடை வெக்கற வேலையே நமக்குள்ள வேணாம்."

லேட்டைக் கீழே விட்டுவிட்டு அவர் போய்விட்டார். சுகிர்தா கதவுக்குப் பின்னாலேயே நின்றாள்.

அன்று இரவு குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. எல்லோரும் அதையே பிசைந்து சாப்பிட்டார்கள்.

"விடு செவ்வந்தி," என்றார் அப்பா.

"எப்படிய்யா விடறது? நாலு பேர் காதுல வுழுந்துடுச்சி. கூலிக்குப் போற எடத்துல பேரு கெட்டுப்போச்சின்னா அப்பறம் நம்மகிட்ட இன்னா கீது?"

சுகிர்தாவால் சோற்றை விழுங்க முடியவில்லை. அம்மா எதையும் மாற்றவில்லை என்று அவளுக்குத் தெரியும். வயலட் குறி போட்டது அவள். திட்டு வாங்கியது அம்மா. தட்டைக் கழுவும்போது அவள் அழுதே விட்டாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். முட்டை மாறவில்லை, ஆனால் குஞ்சு மாறிப் பிறந்திருக்கிறது. இது எப்படி?

மறுநாள் வகுப்பு நூலகத்தில் இருந்த பறவைப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். லேட்டின் அலகு அதில் இருந்தது! கறுப்பு அலகு, மஞ்சள் நுனி. 'புள்ளிமூக்கு வாத்து' என்று போட்டிருந்தது. ஏரியில் இருக்கிற அதே வாத்து. அப்படியானால் பெரியம்மா சொன்னது சரியா? கீழே சின்ன எழுத்தில் இன்னும் இரண்டு வரி இருந்தது. அதை மூன்று தடவை படித்தாள்.

'புள்ளிமூக்கு வாத்தும் வீட்டு வாத்தும் நெருங்கிய சொந்தம் உள்ள இனங்கள். சில சமயம் இவை ஜோடி சேர்ந்து கலப்பினக் குஞ்சுகள் பிறப்பதும் உண்டு.'

சுகிர்தா புத்தகத்தை மூடிவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மோகன்குமாரைத் தேடிப் போனாள். அவன் சுலோச்சனாவின் மகன். நேற்றிலிருந்து அவள் கண்ணில் படாமல் ஒதுங்கிக்கொண்டிருந்தான்.

"டேய், உங்க வாத்துங்ககிட்ட ஏரி வாத்து எதுனா வருமா?"

"எனக்குத் தெரியாதுப்பா," என்றான் அவன். சொன்ன வேகமே சரியில்லை.

"சனிக்கிழமை காலைல மதகுகிட்ட வா. ரெண்டு பேரும் பாக்கலாம்."

சனிக்கிழமை விடிந்ததும் இருவரும் மதகுச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். மோகன்குமார் திறந்துவிட்ட வாத்துகள் வாய்க்காலில் இறங்கின. எல்லாவற்றுக்கும் முன்னால் அவர்கள் வீட்டு ஆண் வாத்து போனது. அதன் வாலுக்கு மேலே, வீட்டு வாத்தில் ஆணுக்கு மட்டுமே வருகிற மாதிரி, இரண்டு இறகுகள் சுருண்டு நின்றன. சுலோச்சனாவுக்கு அந்தச் சுருட்டை வாலில் அத்தனை பெருமை.

கொஞ்ச நேரத்தில் ஏரிப் பக்கமிருந்து விர்ரென்று ஒன்று பறந்து வந்து தண்ணீரில் இறங்கியது. கறுப்பு அலகு, மஞ்சள் நுனி. அது நேராக ஒரு பெட்டை வாத்தின் பக்கத்தில் போய், தலையை மேலும் கீழும் ஆட்டியது. பெட்டை வாத்தும் தலையை ஆட்டியது.

"வணக்கம் சொல்லிக்கினு கீதுங்க!" என்று கிசுகிசுத்தாள் சுகிர்தா. "பாத்தியா? அதான்டா லேட்டோட அப்பா."

மோகன்குமார் தலையைக் குனிந்துகொண்டான். "சுகிர்தா... ஒண்ணு சொல்றேன். தீபாவளி சமயத்துல நான் நாலஞ்சி நாள் வாத்தக் கொட்டாயில அடைக்கவே இல்ல. பட்டாசு வெடிக்கற ஜோர்ல மறந்துட்டேன். ராத்திரி பகல் எல்லாம் அதுங்க இங்கதான் கெடந்துச்சி. எங்கம்மாகிட்ட அடைச்சிட்டேன்னு சொல்லிட்டேன். நரி தின்னிருந்தா இன்னா பண்ணுவேன்னு தோலை உரிச்சிடுவாங்க. நீ சொல்லிடாதம்மா!"

சுகிர்தாவுக்குக் கோபம் வந்தது. அவனால்தானே அம்மாவுக்கு இத்தனை அவமானம்! ஆனால் அவன் முகம் அழுகிற ஆல்வின் முகம்போல ஆகியிருந்தது.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் கடைசியில். "உனக்கா தோணிச்சின்னா சொல்லு."

"சொன்னாலும் எங்கம்மா நம்ப மாட்டாங்க. இது முழுசா ஏரி வாத்துதான், ஏரி முட்டைதான்னு சாதிப்பாங்க. எங்க வாத்துதான் அம்மான்னு காட்டறதுக்கு லேட்டுகிட்ட இன்னா கீது?"

அது நியாயமான கேள்வி. சுகிர்தா வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள்.

சாயங்காலம் அவள் லேட்டைக் குளிப்பாட்டினாள். நாளைக்குப் பங்கு பிரிக்கும்போது யார் வீட்டுக்குப் போனாலும் அது அழகாகப் போக வேண்டும். அதை நினைத்தாலே அழுகை வந்தது. சேற்றைக் கழுவி, இறகையெல்லாம் ஈரக்கையால் நீவிவிட்டாள். வாலில் மட்டும் ஒரு இறகு எழும்பி நின்றது. அழுத்திவிட்டாள். மறுபடியும் எழும்பியது.

"சும்மா இருடி," என்று எண்ணெய் தொட்டு அழுத்தினாள். அது ஒரு நொடி படுத்திருந்துவிட்டு, மெல்ல எழும்பிச் சுருண்டது. பக்கத்தில் இன்னொரு இறகும் சேர்ந்துகொண்டது.

சுகிர்தாவின் கை அப்படியே நின்றது.

ஏரி வாத்தின் வால்? காலையில்தானே பார்த்தாள். நேராக இருந்தது. புத்தகத்திலும் நேராகத்தான் இருந்தது. சுருட்டை வால் இருக்கிற ஒரே வீடு...

"'டி' இல்ல, 'டா'! நீ ஆம்பளை!" என்று கத்திக்கொண்டே அவள் லேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மோகன்குமார் வாத்துகளை ஓட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். வாலைப் பார்த்ததும் அவனுக்கும் வாய் பிளந்தது. ஆனால் உடனே ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"இரு, இரு. எங்க ஆண் வாத்துக்குத்தானே சுருள் கீது? லேட்டுக்கு அப்பா ஏரி வாத்துன்னு சொன்ன. அம்மா எங்க பொட்டை வாத்து. பொட்டைக்குச் சுருளே கெடையாதே, அப்பறம் எப்படி வரும்? அடை காத்த கோழி ஜாடையோ?"

"கோழிக்கு ஏதுடா சுருள்? அது சூடுதான் குடுத்துச்சி. ஆல்வின் தூளியில தூங்கறான், அதுக்காகத் தூளி ஜாடையிலயா கீறான்?"

சொல்லி முடித்ததும் சுகிர்தாவின் கண்கள் விரிந்தன. "ஆல்வின்! டேய், ஆல்வினோட மோவாய்!"

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து சுகிர்தா வீட்டார் கோயிலிலிருந்து திரும்பி வந்தபோது சுலோச்சனா கூடையோடு வாசலில் நின்றிருந்தார். பின்னால் மோகன்குமார். அம்மா தலையை நிமிர்த்தாமல் வாத்துகளைத் திறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை எட்டிப் பார்த்த அத்தனை பேரும் இன்றைக்கும் எட்டிப் பார்த்தார்கள்.

"பெரிம்மா," என்றாள் சுகிர்தா. லேட்டை நீட்டினாள். "நீங்க சொன்னதுல பாதி சரி. இதோட மூக்கு ஏரி வாத்து ஜாடைதான். றெக்கையும் அந்த ஜாடைதான். வாலப் பாருங்க."

சுலோச்சனா பார்த்தார். குனிந்து இன்னும் கிட்டத்தில் பார்த்தார். சுருளை விரலால் அழுத்தினார். அது எழும்பியது. எச்சில் தொட்டு அழுத்தினார். அது மறுபடி எழும்பியது.

"எங்க ஆண் வாத்தோட சுருளாச்சே இது!"

"ஏரி வாத்துக்கு இது கெடையாது பெரிம்மா. ஏரி முட்டையா இருந்தா வாலு நேராத்தான் இருந்திருக்கும். இதுக்கு அப்பா ஏரி வாத்து. அம்மா உங்க வாத்து. ரெண்டும் கிட்டத்துச் சொந்தம், அதனால ஜோடி சேரும்னு புத்தகத்துல போட்டுக்கீது. அப்பாகிட்டேருந்து பாதி ஜாடை, அம்மாகிட்டேருந்து பாதி."

"அம்மா வாத்துக்கு ஏது சுருள்? அது பொட்டைதானே?"

சுகிர்தா இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள். அம்மாவின் இடுப்பில் இருந்த ஆல்வினின் முகவாயைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தக் குழி யார் ஜாடை பெரிம்மா?"

"செவ்வந்தியோட நைனா ஜாடை. அன்னிக்கே சொன்னாளே."

"அம்மாவுக்குக் குழி கீதா?"

"இல்ல."

"அம்மாகிட்ட ஒளிஞ்சிக்கினு இருந்து இவங்கிட்ட வெளிய வந்துச்சி. அதே மாதிரி, சுருளு அந்தப் பொட்டை வாத்துகிட்ட ஒளிஞ்சிக்கினு இருந்து லேட்டுகிட்ட வெளிய வந்துட்டுச்சி."

சுலோச்சனா ஆல்வினைப் பார்த்தார். லேட்டைப் பார்த்தார். மறுபடி ஆல்வினைப் பார்த்தார். ஆல்வின் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்து பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தான்.

"அது சரிடி," என்றார் சுலோச்சனா மெதுவாக. "ஏரி வாத்து எங்க வாத்துகிட்ட எப்படி வந்து சேந்துச்சி? பகல்ல கூடவே ஆள் நிக்கறோம். பொழுது சாஞ்சா கொட்டாயில அடைச்சிடறோமே?"

சுகிர்தாவுக்குப் பதில் தெரியும். நாக்கு நுனியில் நின்றது. அவள் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா அவளைப் பார்த்தார். தெருவே அவளைப் பார்த்தது.

"சொல்லேன்," என்றார் சுலோச்சனா.

சுகிர்தா வாயைத் திறக்கவில்லை.

"அம்மா..." என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மோகன்குமார் காதுவரை சிவந்துபோய் நின்றான். "தீபாவளிக்கு நான் அடைக்கவே இல்லம்மா. அஞ்சி நாளு. அடைச்சிட்டேன்னு பொய் சொல்லிட்டேன். வாத்து எல்லாம் மதகுலதான் கெடந்துச்சி. ஏரி வாத்து தெனம் வருது. நானும் சுகிர்தாவும் நேத்துப் பாத்தோம். அவளுக்குத் தெரியும். அவ என்னைக் காட்டிக் குடுக்கல."

அவன் முதுகை முன்கூட்டியே வளைத்து வைத்துக்கொண்டான். ஆனால் சுலோச்சனா அவன் பக்கம் திரும்பவே இல்லை. கூடையைக் கீழே வைத்தார்.

"செவ்வந்தி," என்றார் பிறகு, தெருக்கோடி வரை கேட்கும்படி. "அன்னிக்குத் தெரு கேக்கறாப்ல பேசினேன். இன்னிக்கும் தெரு கேக்கறாப்லயே சொல்றேன். நீ முட்டைய மாத்தல. நாந்தான் தப்பாப் பேசிட்டேன். மனசுல வெச்சிக்காதம்மா."

அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "உள்ள வந்து குந்துங்கக்கா. காபி போடறேன்," என்றார்.

சுலோச்சனா உள்ளே வந்து உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் உட்கார்ந்து காபி குடித்தது அதுதான் முதல் தடவை. ஆல்வின் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டு, டம்ளருக்குக் கை நீட்டினான்.

பங்கு பிரித்தார்கள். ஆளுக்கு நாலு. லேட்டு யாருக்கு என்ற பேச்சு வந்தபோது சுகிர்தா அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அய்யோ, அது எனக்கு வேணாம்மா," என்றார் சுலோச்சனா. "இங்க இருந்துக்கினே என் டிஷ் மேல குந்துது. என் வூட்டுலயே விட்டா நான் எந்த சீரியலப் பாக்கறது? நீயே வெச்சிக்க."

வாசலில் இறங்கும்போது அவர் மகனின் காதைப் பிடித்தார். "நீ வாடா, வூட்டுல பேசிக்கலாம்." ஆனால் பிடி அவ்வளவு இறுக்கமாக இல்லை. அது மோகன்குமாருக்கும் தெரிந்துவிட்டது. அவன் திரும்பிப் பார்த்து, சுகிர்தாவிடம் பல்லைக் காட்டிவிட்டுப் போனான்.

பங்குனி கடைசியில் செவலை மறுபடியும் அடைக்கு உட்கார்ந்தது. அதற்குள் செய்தி எப்படியோ போய்விட்டது. சுலோச்சனா பத்து முட்டைகளோடு வந்து இறங்கினார்.

சுகிர்தா ஓடிப்போய் ஒரு கையில் கரித்துண்டும் இன்னொரு கையில் வயலட் ஸ்கெட்ச் பேனாவுமாக வந்து நின்றாள். "குறி எதால போடணும் பெரிம்மா? கரியா, கலரா?"

"குறியா? அதெல்லாம் எதுக்கு? முட்டைய உள்ள வெய்யி," என்றார் சுலோச்சனா, ரொம்பச் சாதாரணமாக.

அம்மா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு பத்து முட்டைகளையும், ஒரு கோடும் இல்லாத வெள்ளை வெளேர் முட்டைகளை, ஒவ்வொன்றாகக் கூடையில் வைத்தார். அவர் முகம் அப்படி மலர்ந்திருந்ததைச் சுகிர்தா பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

சுகிர்தா ஸ்கெட்ச் பேனாவைத் தரையில் வைத்துவிட்டு முட்டைகளை எண்ணப் போனாள். அது தப்பாகப் போயிற்று. தவழ்ந்து வந்த ஆல்வின் அதை எடுத்து, மூடியைக் கடித்துக் கழற்றி, ருசி பார்த்துவிட்டான். எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது அவன் முகவாய்க் குழியில் வட்டமாக ஒரு வயலட் பொட்டு இருந்தது.

"போச்சிடா!" என்று சுலோச்சனா விழுந்து விழுந்து சிரித்தார். "இந்த வூட்டுல குறி போட்டு வெச்சது இவன் ஒருத்தனைத்தான்!"